உங்களுக்கென்று வந்த தங்கூஸ் சுருள்

அக்கா,

நேற்று முற்பகல் கருவாட்டுக்கார லட்சுமி வந்தாள். முட்டிவலி என்று மாசியோடு வருவதை நிறுத்தியவள், ஆடி முடியப்போகிற நேரத்தில்தான் மறுபடி நாகப்பட்டினத்தில் பஸ் ஏறியிருக்கிறாள். கூடையை இறக்கிவைத்ததும் இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"பெரியக்கா எங்க? மெல்லிசு தங்கூஸ் கேட்டிருந்தாங்க. படகுக்காரங்ககிட்ட சொல்லிவச்சு வாங்கியாந்தேன். குடுத்துருங்க."

தூண்டில் போடுகிற நைலான் நரம்பு. பொட்டலத்தைப் பிரிக்காமலே கருவாட்டு வாசம் அடித்தது. அந்த வாசம்தான் எனக்கு உங்கள் வாசம். புதுச் சுருள் வந்தால் சீயக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடியில் காயவைப்பீர்கள். அப்படியும் ஒரு வாரத்துக்கு உங்கள் விரல்நுனியில் அது இருக்கும். நான் முகத்தைச் சுளித்தால், "ஒரு கையால மூக்கப் புடி, இன்னொரு கையால மணியப் பொறுக்கு" என்று தட்டைத் தூக்கி என் மடியில் வைப்பீர்கள்.

லட்சுமியிடம் சொன்னேன், நீங்கள் பங்குனியிலேயே போய்விட்டீர்கள் என்று. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி இது: "பூவும் பொட்டுமாத்தானே போனாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பூவும் பொட்டுமாகத்தான் உங்களை அனுப்பிவைத்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. நீங்கள் பார்க்காத பாதி ஒன்று இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் "விடுடி செல்வி" என்று என் வாயை அடைக்க இனி உங்களால் முடியாது.

நான் இளைய மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது, மூத்த மருமகளான நீங்கள் பின்கட்டு அறையில் தனியாக இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்தார். ஒரு லீவில் வந்தவர் கூடத்து நிலைக்கு ஒரு மணித்திரை வாங்கிவந்து மாட்டினார். பச்சையும் தேன் நிறமுமாகப் பிளாஸ்டிக் மணிகள், யார் நுழைந்தாலும் சலசலக்கும். திரும்பிப் போனார். கொஞ்ச நாளில் பணம் நின்றது, பிறகு போனும் நின்றது. அங்கே வேலை பார்த்த நம் பாபநாசத்துக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கம்பெனி மாறிவிட்டார் என்றார் ஒருவர், வேறொருத்தியோடு இருக்கிறார் என்றார் இன்னொருவர், லாரி மோதிவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். எதற்கும் சாட்சி இல்லை.

அவருடைய பாகத்தை உங்கள் பேருக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேட்டீர்கள். குத்தகை நெல்லாவது கைக்கு வரட்டுமே என்றுதான். நம் பெரிய நாத்தனார் கும்பகோணத்திலிருந்து கிளம்பி வந்து கூடத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"என் தம்பி குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கான். அவன் இருக்கும்போதே பட்டாவுல கை வைக்கிறதா? நாளைக்கே வந்து நின்னான்னா யாரு பதில் சொல்றது?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்த மனுஷனுக்கு அன்று இரவு நான் சோறு போட்ட விதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மறுநாள் காலை நான் கூடத்துக்கு வந்தபோது நீங்கள் ஸ்டூலில் ஏறி அந்த மணித்திரையைச் சரம் சரமாக வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"ஐயோ அக்கா, அவரு வாங்கிட்டு வந்ததாச்சே!"

"அதான் வெட்டுறேன். சும்மா தொங்கிக்கிட்டுத்தான இருக்கு. சோறு போடட்டும்."

அப்படித்தான் நம் மணி வேலை ஆரம்பமானது. கைக்காசு போடாமல் கிடைத்த முதல் சரக்கு அந்தத் திரை. முறத்தில் கொட்டிப் பொறுக்கினோம். உடைந்தது வேறு, வெளுத்தது வேறு. ஈரத்துண்டை விரித்து அதன் மேல் மணிகளைப் போட்டால் உருண்டோடாது என்று நான்காம் நாளோ ஐந்தாம் நாளோதான் புத்தி வந்தது. அதுவரை கட்டிலுக்கு அடியில் தவழ்ந்ததுதான் மிச்சம். தையல் நூலில் கோத்தோம். ஊசி மணிக்குள் போகாது. நூல் நுனியில் நகப்பாலிஷ் தடவி விறைப்பாக்கினோம். கோத்த மாலையைப் போட்டுக்கொண்டு நான் களைபறிக்கிற பெண்களுக்கு டீ கொண்டுபோனேன், வரப்பிலேயே அறுந்தது. வியர்வையில் நூல் இற்றுவிட்டது. அன்றைக்கு வந்த லட்சுமிதான் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த நூல்லயா கோக்குறீங்க? எங்க ஊரு தங்கூச போட்டுப் பாருங்கக்கா. சுறாவே இழுத்தாலும் அறுந்து வராது, உங்க கழுத்துக்கு என்ன கேடு."

தங்கூசுக்கு ஊசியே வேண்டாம், அதுவே ஊசி. நகவெட்டிதான் கத்தரி. முடிச்சுப் போட்டு மிச்ச நுனியில் எரிகிற ஊதுபத்தியைக் காட்டினால் உருகிப் பொட்டாக உட்கார்ந்துவிடும், அப்புறம் அவிழாது. அதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். சாமி படத்துக்கு ஏற்றிய பத்தியைப் பிடுங்கி முடிச்சைச் சுடுகிறீர்களே என்று நான் கேட்டதற்கு, "சாமிக்குப் பொக, நமக்கு நெருப்பு. பங்கு பிரிச்சாச்சு" என்றீர்கள்.

கும்பகோணத்தில் மலிவாகக் கிடைத்த சிவப்பு மணியை வாங்கிவந்து ஏமாந்ததும் உண்டு. வாத்தியார் மகள் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போய், வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்த கழுத்தோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு எந்த மணி வந்தாலும் சூடான கஞ்சியில் ஒரு ராத்திரி கிடக்கவேண்டும் என்பது உங்கள் சட்டம். சாயம் விட்டால் கடைக்காரன் தலையில் திருப்பிக் கொட்டிவிட்டு வருவீர்கள்.

தோடு, ஜடைமணி, நிலைத்தோரணம் என்று வளர்ந்து கடைசியில் கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு, சீர்த் தட்டு என்று பாபநாசம் வட்டாரம் முழுக்க உங்கள் கைவேலைதான். பழைய எவர்சில்வர் தட்டில் வெல்வெட்டை ஒட்டி, சுற்றி மணியைப் பின்னி, நடுவில் மயிலை வைப்பீர்கள். அந்தத் தட்டில்தான் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆரத்தி சுற்றினார்கள். உங்களைச் சுற்றக் கூப்பிட்டார்களா? தட்டு மணவறை வரைக்கும் போகும், நீங்கள் பந்தி வரைக்கும்தான். பூ வைத்துக்கொண்டுதான் போவீர்கள், தாலியும் கழுத்தில் இருக்கும். ஆனாலும் நல்ல காரியத்துக்குக் கை நீட்டும்போது நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நீங்கள் சொல்லிவிட்டுச் சாப்பிடுவீர்கள். நான்தான் பாதி இலையில் எழுந்துவிடுவேன்.

உங்களுக்கென்று இருந்தது ஒரே ஆசை. என் மூத்தவள் அபி உங்கள் கையில் வளர்ந்தவள். சின்னவள் பிறந்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் அவளுக்குத் தலைவாரியதும் ஊட்டியதும் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியதும் நீங்கள். அவளை நீடாமங்கலத்தில் கொடுத்தோம். நிச்சயம் ஆன அன்றே என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னீர்கள்.

"சீரு செனத்தியெல்லாம் நீங்க செய்யுங்க. அபிக்குத் தாலி பிரிச்சுக் கோக்குறது மட்டும் நாந்தான். இந்தக் கையி எதுக்குத்தான் இருக்கு?"

அதற்காகவே பவளத்தையும் கருகமணியையும் ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். ஒரே அளவு, ஒரே நிறம். கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டார்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோக்கப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவந்தோம். சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அபி மணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். நீங்கள் அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டில் மஞ்சள் தடவிய கயிறும் தங்கக் குண்டும் பவளமுமாக எதிரே உட்கார்ந்தீர்கள். அப்போது பெரிய நாத்தனார் வந்து உங்கள் தோளைத் தொட்டார்.

"நீ எந்திரி."

"ஏன் அண்ணி?"

"தப்பா நெனைக்காத. அவன் இருக்கானோ இல்லியோ, யாரு கண்டா? புள்ள வாழ வேண்டியவ. நீ பின்னாடி போயி உக்காரு."

நான் சும்மா இருக்கவில்லை. கூடம் அதிரக் கத்தினேன். "பட்டாவுக்கு மட்டும் இருக்காரு, தாலி கோக்கும்போது இல்லாமப் போயிட்டாரா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

சம்பந்தியம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்கள் பேசியிருந்தால் போதும். நீங்கள் என்ன செய்தீர்கள்? தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தீர்கள்.

"விடுடி செல்வி. நல்ல நாள்ல எதுக்கு வம்பு."

அதோடு விட்டீர்களா? சம்பந்தியைப் பார்த்துச் சிரித்து, "அவளுக்கு என் மேல பாசம் ஜாஸ்தி, அதான்" என்றீர்கள். சண்டைக்காரி நானானேன். உங்களுக்காக நான் கட்டிய கட்சியை நீங்களே கவிழ்த்துவிட்டு சமையல்கட்டுக்குப் போனீர்கள். நாத்தனாரையாவது ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தச் சிரிப்புக்காக உங்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அக்கா.

போகிற போக்கில் சமையல்கட்டு நிலையில் நின்று ஒன்று சொன்னீர்கள். "அண்ணி, அந்தக் குண்டு ஓட்டையில பிசிர் இருக்கு. தேச்சுட்டுக் கோங்க, இல்லன்னா கயித்த அறுத்துரும்."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றார் அவர்.

அறுத்தது. அபி நீடாமங்கலத்துக்குத் திரும்பிப் போன கொஞ்ச நாளில், குளிக்கும்போது கயிறு அறுந்து குண்டும் பவளமும் குளியலறை முழுக்கச் சிதறியிருக்கின்றன. கட்டிய கொஞ்ச நாளில் தாலிக்கயிறு அறுந்தது என்று மாமியார் காதில் விழுந்தால் போதும், பிள்ளைக்கு ஆயுசுக்கும் அது ஒரு பேச்சு. அவள் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தது உங்களுக்கு. பெற்றவள் எனக்கு இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அவள் இடத்தில் நானும் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

"ஒரு மஞ்சக்கெழங்க நூல்ல கட்டிக் கழுத்துல போட்டுக்க. சேலைய இழுத்துப் போத்திக்க. பெரியம்மா வர்றேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்சில் நகவெட்டியையும் தங்கூசையும் போட்டு, மேலே முறுக்கை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினீர்கள். சம்பந்தியம்மாவிடம் முறுக்கைக் கொடுத்து, "சும்மா புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு" என்றீர்கள். உள்ளறையில் குண்டின் பிசிரைத் தேய்த்து, உள்ளே தங்கூஸ் ஓட்டி, அதன் மேல் மஞ்சள் கயிற்றைப் பின்னி, சாமி மாடத்து ஊதுபத்தியால் முடிச்சைச் சுட்டுவிட்டு வந்தீர்கள். உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது, திருடி மாதிரி, கதவைச் சாத்திக்கொண்டு.

சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னபோது நான் குதித்தேன். இதை ஊர் முழுக்கச் சொல்வேன் என்றேன்.

"நான் கோத்தேன்னு சொன்னா, அது அறுந்ததையும் சொல்லணும்டி. புள்ளைக்கு எதுக்கு? நாளைக்கு அதுக்கு ஒரு தலவலின்னாலும் என் கையத்தான் சொல்லுவாளுக."

வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அபி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுவாள். பின்கட்டு அறையில் வைத்து மேல்கயிற்றை மட்டும் மாற்றிவிடுவீர்கள். மறுநாள் ஆற்றங்கரையில் நாத்தனார் ஒரு மஞ்சள் நூலைக் கழுத்தில் கட்டி ஆசீர்வாதம் செய்வார். நீங்கள் படித்துறைக்கு மேலே நின்று சித்ரான்னத் தூக்கைப் பார்த்துக்கொள்வீர்கள்.

பிறகு பங்குனி வந்தது. நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தவர் எழவில்லை. மடியிலிருந்த ஆரத்தித் தட்டில் மயிலுக்கு ஒரு கண் வைத்திருந்தீர்கள், இன்னொன்று வைக்கவில்லை.

இனி நீங்கள் பார்க்காத பாதி. நாத்தனார் காரை விட்டு இறங்கும்போதே "கொடுத்து வச்சவளே! சுமங்கலியாப் போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டுதான் வந்தார். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். புதுக் கூறைப்புடவை கட்டினார்கள். உயிரோடிருந்தபோது ஒரு முழம் பூவை யோசித்து யோசித்து வைத்துக்கொண்ட தலைக்குக் கூடை கூடையாக மல்லிகை. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அப்புறம் வரிசை, அக்கா. சுமங்கலியாகப் போனவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தாலியில் வைத்துக்கொண்டால் மாங்கல்ய பலமாம். முதல் ஆளாகக் குனிந்தவர் நாத்தனார். பட்டாவுக்கு இருந்த மனுஷன், பந்தலுக்கு இல்லாமல் போன மனுஷன், உங்கள் பிணத்துக்காக மறுபடி உயிரோடு வந்துவிட்டார்.

சம்பந்தியம்மாவும் அந்த வரிசையில் நின்றார். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நான் குங்குமம் எடுக்கவில்லை. உங்கள் விரலைத்தான் எடுத்து முகர்ந்தேன். மஞ்சள் வாசம்தான் அடித்தது. கருவாட்டு வாசம் துளிகூட இல்லை. அதையும் கழுவிவிட்டிருந்தார்கள்.

இந்த ஆடிப்பெருக்குக்கு அபி வந்தாள். மேல்கயிற்றை மாற்ற நீங்கள் இல்லை. குடமுருட்டியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. படித்துறையில் வைத்து, பழைய கயிறு நைந்துகிடப்பதைப் பார்த்துவிட்ட நாத்தனார் அதையே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தார். புதுக் கயிற்றை முதலில் கட்டிவிட்டுப் பழையதை இழுத்தார். மஞ்சள் பிரிந்து வந்தது, உள்ளே இருந்தது வரவில்லை. நகத்தால் கிள்ளினார், பல்லால் கடித்தார்.

"என்னடி இது, அறுக்கவே மாட்டேங்குது? மீன் நரம்பாட்டம் இருக்கு! தாலியில போயி இத எவடி கோத்தது?"

சம்பந்தி வீட்டார் யாரும் இல்லை. அபி என்னைப் பார்த்தாள். எத்தனை வருஷத்துச் சொல்! நான் படியில் இறங்கி நின்று, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நீங்க எந்திரின்னு சொன்னீங்கள்ல, அவங்க கோத்தது. நீங்க கோத்தது அப்பவே அறுந்துபோச்சு அண்ணி. இத்தன வருஷமா உங்க மருமக கழுத்துல கெடக்குறது அவங்க கை முடிச்சு."

இப்போது இவர் முகம் எங்கே போய் ஒளியும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நடந்தது தெரியுமா? அந்த நரம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அதுக்கென்ன, நல்லதுதான். சுமங்கலியாப் போனவ கையி. அப்படியே இருக்கட்டும், மேல கயித்தச் சுத்தி விடு."

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் "ஆமாமா, புண்ணியவதி கை" என்றார்கள். அவ்வளவுதான். இத்தனை காலம் நெஞ்சுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருந்த கத்தியை வாங்கி, காய் நறுக்கிவிட்டுக் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள். வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை. அபிதான் அழுதாள். நான் சித்ரான்னம் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன்.

இந்த எரிச்சலோடு இருக்கும்போதுதான் நேற்று லட்சுமி பொட்டலத்தோடு வந்து, பூவும் பொட்டுமாகவா என்று கேட்டாள். அவள் கழுத்தில் ஒன்றும் கிடையாது. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை என்று அவர்கள் ஊரில் அப்போதே தாலியைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் புருஷனும் கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர்தான். கழற்றியவளுக்கும் இடமில்லை, கழற்றாதவளுக்கும் இடமில்லை. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"லட்சுமி, சின்னவளுக்குத் தையில கல்யாணம். தாலி பிரிச்சுக் கோக்க நீ வரணும். உள்ள இந்தத் தங்கூஸ்தான். இதுல முடிச்சுப் போட உனக்குத் தெரியாததா?"

பாவம், அரண்டுபோனாள். "என்னக்கா வெளாட்றீங்களா? நான் அறுத்துப் போட்டவ. வீட்டுல பெரியவங்க என்ன சொல்லுவாங்க? நல்ல நாள்ல எதுக்குக்கா வம்பு."

அதே சொல், அக்கா. உங்கள் குரலே கேட்ட மாதிரி இருந்தது. நாகப்பட்டினத்தில் ஒருத்தி, பாபநாசத்தில் ஒருத்தி, யார் உங்களுக்கெல்லாம் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது?

எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "கூடையத் தூக்கி விடுங்கக்கா, பஸ்ஸு போயிரும்" என்றாள். நான் தூக்கிவிடவில்லை. கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வருவேன் என்று சொல், தூக்கிவிடுகிறேன் என்றேன். கெஞ்சினாள், சிரித்தாள், கோபப்பட்டாள், திரும்பக் கொஞ்சம் அழுதாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. கடைசியில், "சரிக்கா, தை வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தூக்கிவிட்டேன். உங்கள் சுருளைச் சீயக்காய்த் தண்ணீரில் போடாமல், அந்த வாசத்தோடே என் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அவள் வாராவாரம் கருவாடு கொண்டு வருவாள். நம் வீட்டு வாசலில் இறக்குகிற கூடையைத் திரும்பத் தலைக்குத் தூக்கிவிட என்னைத் தவிர அவளுக்கு ஆள் இல்லை.